ஜூலையில் தைத்த கோட்டு

இந்த வருடக் கிறிஸ்துமஸை அமைதியாகக் கொண்டாடுவது என்று நான் முடிவு செய்தது கோபத்தில்தான். சாந்தமானவர்கள் அப்படியெல்லாம் முடிவு எடுப்பதில்லை, அவர்களுக்கு அது தானாகவே நடந்துவிடுகிறது. எனக்கு நடக்காது. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடிப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு முழம் ரோஸ் கலர் ரிப்பன்.

அந்த ரிப்பன் என் நாத்தனார் மகளின் தலைக்கு. காலையிலிருந்து நாத்தனார் அவரைக் கடைக்கு விரட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் ஐஸ், அப்புறம் பேப்பர் தட்டு, அப்புறம் ரிப்பன். வாங்கிவந்த ரிப்பன் நிறம் ஒத்துப்போகவில்லை என்று மறுபடியும். "அண்ணா, அந்தக் கடைசிக் கடையில இருக்கும், ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்கண்ணா." நான் தையல்காரி. என் பெட்டியைத் திறந்தால் உலகத்தில் உள்ள எல்லா நிறத்திலும் ரிப்பன் இருக்கும். ஆனால் என்னிடம் கேட்டால் என் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட அண்ணனை அலைய விடுவது மேல் என்று நினைத்துவிட்டாள் மகாராணி.

ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைத் திறந்து மூடினார்கள். வெளியே நின்ற என்னிடம் டாக்டர் சொன்னார்: "நல்லா இருக்காரு. இனிமே டென்ஷன் இல்லாம பார்த்துக்குங்கம்மா. கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்." அந்த அமைதி என்ற வார்த்தையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நான் மறைத்ததும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை. நாத்தனார் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் குக்கர் அத்தை. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பகலெல்லாம் ஹாரன் சத்தம், சாயங்காலம் என் சத்தம், இரண்டும் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான மறுநாளே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நான் கத்திய கத்தலில் மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். அப்படி ஆரம்பித்த குடும்பம் எங்களுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த அன்றைக்கு அந்த வாயை மூடினேன். கட்டிலில் ஈரத் துண்டு கிடந்தால் எடுத்துக் கொடியில் போட்டேன். நான் வெட்டுவதற்கு விரித்து வைத்த துணியில் டீ கிளாஸை வைத்து வட்டமாகக் கறை பண்ணினார். துவைத்தேன். ஒரு நாள் அவர் சட்டைப் பையில் கிரீம் பன் சுற்றிய காகிதம் இருந்தது. அதைக் கசக்கி எறிந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வேணாங்க, உடம்புக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திருந்திவிட்டாளே என்று மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்த தையல் மெஷினை என் தையல் கடைக்குக் கொண்டுபோனேன், அதன் கடகட சத்தம் அவருக்கு ஆகாது என்று. கதவுகளுக்கு எண்ணெய் விட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறாள், அவளுக்கும் பாடத்தை மனசுக்குள்ளேயே படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். போகப்போக அவள் தண்ணீர் கேட்பதைக்கூடக் காதோடு காதாகக் கேட்க ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸ் வேலையை ஜூலையிலேயே தொடங்கினேன். என் கணக்கு இதுதான்: எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் கடைசி நேரத்தில் வருபவை. துணி தைத்து முடியவில்லை, கேக்குக்குப் பழம் ஊறவில்லை, குடிலில் வைக்கும் கழுதைக்குக் காது இல்லை, பரிசு சுற்றும் காகிதம் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிட்டால் டிசம்பரில் கத்துவதற்குக் காரணமே இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம், திருவருகைக் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேரும் மெழுகுவர்த்தி முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பழங்களை ஊறவைத்தேன். மகளுக்கு கவுன் தைத்தேன். அவருக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் தைத்தேன், வாழ்நாளில் காக்கியைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் போடாத மனுஷன், பிழைத்து வந்திருக்கிறார், ஒரு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் பூசைக்கு வரட்டும் என்று. ஆகஸ்டிலேயே போய்த் திருவருகைக்கு ஏற்றும் ஊதா மெழுகுவர்த்தி கேட்டேன். கடைக்காரர் காலண்டரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். நவம்பர் முடிந்தால் கிறிஸ்துமஸ் துணி தைக்க எடுப்பதில்லை என்று கடையில் போர்டு மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களிடம் ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த கோபத்தை எல்லாம் கொட்டினேன். வீட்டில் ஊமை, கடையில் பேய். என்னுடன் வேலை செய்த, பொத்தானுக்குக் காஜா போடும் பெண் சீக்கிரமே வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

நாத்தனாரிடம் செப்டம்பரிலேயே சொன்னேன். "இந்த வருஷம் இங்க யாரும் வர வேணாம். அவருக்கு ஓய்வு வேணும்." மூத்த மகன் வீடு என்று வருடா வருடம் ஒரு வாரம் முன்னாலேயே வந்து படுத்துக்கொள்ளும் கூட்டம் அது. அவள் உடனே, "சரி அண்ணி, அண்ணன் உடம்புதான் முக்கியம்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. மேஜையில் புது விரிப்பு. அதன்மேல் பச்சை இலை வளையம், அதில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி. முதல் ஊதாவை மகள் ஏற்றினாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் நினைத்தபடியே எல்லாம் அமைந்த ஒரு சாயங்காலம் என் வாழ்க்கையில் அதுதான்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதாங்க. நிம்மதியா இல்லை?"

தலையை ஆட்டினார். சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். வந்தவள் அண்ணனை அரை நிமிடம் பார்த்தாள். என் அலமாரியை அரை மணி நேரம் பார்த்தாள்.

"அண்ணி! எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களா? நான் இன்னும் துணியே எடுக்கலை. பரிசுகூடச் சுத்தி வெச்சிட்டீங்க! அப்போ இந்த மாசம் பூரா உங்களுக்கு வேலையே இல்லைன்னு சொல்லுங்க."

முன்னாலேயே வேலையை முடித்து வைப்பவளைப் பார்த்தால் இந்த உலகத்துக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வருகிறது: இவள் சும்மா இருக்கிறாள். ராத்திரியெல்லாம் முதுகு ஒடியத் தைத்தது யார் கண்ணிலும் படாது. தைத்து மாட்டியிருப்பது மட்டும் பட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவு தேன்.

அவள் போன பிறகு மேஜைக்கு அடியில் ஒரு பை இருந்தது. உள்ளே மூன்று கவுனுக்கான துணி, அளவுக்கு ஒரு பழைய கவுன். போனில் அவள் குரல் வந்தது. "சொல்ல மறந்துட்டேன் அண்ணி, நீங்க சும்மாதானே இருக்கீங்க, பிள்ளைங்களுக்கு மட்டும் தைச்சு வெச்சிடுங்க. லைனிங் ரோஸ் கலர்ல போடுங்க."

ரோஸ் கலர்! சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு துண்டை வாயில் வைத்துக் கத்தினேன். எண்ணெய் விட்ட கதவு என்பதால் சாத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே, கடையில் ஒரு பேண்டை வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, சுருட்டிய மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக என் கடை வாசலில் அடுக்க ஆரம்பித்தான்.

"யாருக்குப்பா இதெல்லாம்?"

"வாடகை மெத்தைங்க. பஸ் டிரைவர் சார் வீட்டுக்கு. வீடு தெரியலை, தையல்கார அம்மா கடையில கேட்டா தெரியும்னாங்க."

"யார் கொண்டுவரச் சொன்னது?" நாத்தனார் பெயரை அவன் சொன்னால் அவளுக்குப் போன் போடுவதற்காகக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"சார்தாங்க போன் பண்ணினாரு. குடும்பம் மொத்தமும் வருது, சீக்கிரம் இறக்குன்னாரு."

எந்த சார் என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அவன் என் வீட்டுக்காரர் நம்பரையே காட்டினான். கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்போடு வீட்டுக்கு நடந்தேன். வழியில் யார் என்ன கேட்டாலும் காதில் விழவில்லை. ஒரு வருடம். ஒரு வருடம் என் நாக்கை நானே கடித்துக்கொண்டு இவருக்காக ஒரு அமைதியைக் கட்டினேன். இவர் அதன்மேல் வாடகை மெத்தையைப் போட்டு ஊரைக் கூட்டிப் படுக்க வைக்கிறார்!

அவர் ஜன்னல் ஓரத்தில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல்படியில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த நிலையிலும் டாக்டரின் வார்த்தைதான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"மெத்தை வந்துருக்குங்க" என்றேன், மெதுவாக.

"ம்."

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான். தங்கச்சி வேணாம்னுதான் சொன்னா, அண்ணி கோச்சுப்பாங்கன்னா. நான்தான் கட்டாயம் வரணும்னு சொன்னேன். தம்பியையும் கூப்பிட்டிருக்கேன்."

"ஏங்க? உங்களுக்கு ஓய்வு வேணும்னுதானே இவ்வளவும்..."

"எல்லாரையும் ஒரு தடவை பார்த்துடலாம்னுதான்."

"பார்க்கலாம்ங்க. அடுத்த மாசம் பார்க்கலாம். இப்போ என்ன அவசரம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "என்கிட்ட மறைக்காதே. டாக்டர் உன்கிட்ட எவ்வளவு நாள்னு சொன்னாரு?"

எனக்குப் புரியவில்லை. "எவ்வளவு நாள்னா?"

"போதும்மா. நான் ஒண்ணும் பச்சைக் குழந்தை இல்லை. நீ என்னைத் திட்டி எத்தனை மாசம் ஆச்சு? கட்டில்ல ஈரத் துண்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பன்னு காகிதத்தைப் பையில வேணும்னேதான் வெச்சேன். நான் அதைத் தின்னவே இல்லை, குப்பையில கிடந்த காகிதம் அது. பக்கத்துல உட்கார்ந்து வேணாங்கன்னு சொன்னே பாரு, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாகப்போறவனைத்தான் அப்படிப் பேசுவாங்க."

அவர் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஜூலையில யாராவது கிறிஸ்துமஸுக்குத் துணி தைப்பாங்களா? டிசம்பர் வரைக்கும் நான் இருக்கமாட்டேன்னுதானே எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சே? எனக்குக் கறுப்புக் கோட்டு. என்னைக்காவது நான் கோட்டு கேட்டிருக்கேனா? அதுக்கு அளவெடுத்தியே..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நான் தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். தோள்ல டேப்பை வெச்சே. அப்புறம் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஓட்டினே. படுத்திருக்கறவனுக்கு யார் அளவெடுப்பாங்க? சவப்பெட்டி செய்யறவன்தான் எடுப்பான்."

அது நடந்தது உண்மைதான். ஒரு மத்தியானம் அவர் படுத்திருந்தபோது எடுத்தேன். நெஞ்சில் தையல் போட்டவர், கையைத் தூக்கினால் வலிக்குமே, எழுப்ப வேண்டாமே என்று எடுத்தேன். தலையிலிருந்து கால் வரை எடுத்தது, உடம்பு எவ்வளவு இளைத்துவிட்டது, ஆள் குறுகிவிட்டாரா என்று ஒரு பயத்தில். அவர் அப்போது அங்கே கண்ணை மூடிக்கொண்டு, என் டேப் தன்மேல் ஊர்வதை உணர்ந்துகொண்டு கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து இத்தனை மாதம் என் எதிரில் உட்கார்ந்து, நான் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டு, தினமும் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு.

"யோவ்!" என்றேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"செத்துப்போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு வருஷமா வாயைத் தைச்சுக்கிட்டுக் கிடக்கேன், கடைக்கு வர்றவங்களை எல்லாம் கடிச்சுக் குதறி வெச்சிருக்கேன், இருந்த ஒரு ஆளும் ஓடிப்போயிட்டா, எல்லாம் யாருக்காக? நீங்க இருக்கணும்னு! இங்க உட்கார்ந்துக்கிட்டு நீங்க பெட்டிக்கு அளவு பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? டாக்டர் நல்லா இருக்காருன்னு சொன்னாரு! நல்லா இருக்காரு, டென்ஷன் வேணாம்னு சொன்னாரு! நாள் கணக்கா சொன்னாரு? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? கேக்கறதுக்கு என்ன?"

"நீ அழுதுடுவியோன்னு..."

"நான் அழுவேனா? என்னைக்கு அழுதிருக்கேன்? மெத்தைக்குப் போன் பண்ணத் தெரியுது, டாக்டருக்குப் போன் பண்ணத் தெரியலையா? ஈரத் துண்டு! வேணும்னே போட்டாராம், ஈரத் துண்டு! மெத்தை பூரா பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு, அதைத் துவைச்சுத் துவைச்சு என் கை தேய்ஞ்சுபோச்சு. அதுக்கே உங்களை..."

மகள் புத்தகப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா! தெருமுனை வரைக்கும் கேக்குது! அப்பாவுக்கு என்னாச்சு?"

"உங்கப்பாவுக்கு ஒரு கேடும் இல்லை! கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு! நீயும் இனிமே வாயைத் திறந்து படி!"

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வலிக்கிறதோ என்று எனக்கு ஒரு நொடி உயிர் போனது. கையை விலக்கிப் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக ஒழுகிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து அவர் மடியில் எறிந்தேன்.

"எந்திரிங்க. போட்டுக் காட்டுங்க."

போட்டார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. வயிற்றில் பொத்தான் சேரவே இல்லை. படுத்தால் தோள் பரந்துவிடும், வயிறு உள்ளே போய்விடும், தையல் பழக வரும் பெண்ணுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற விஷயம். நான் மறந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் தைத்த துணி ஒருவருக்கும் இப்படிப் பிசகியதில்லை.

"நிமிர்ந்து நில்லுங்க. கையைத் தூக்குங்க. வலிச்சா சொல்லுங்க, மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுச் சாகாதீங்க." கழுத்திலிருந்த டேப்பை எடுத்து நெஞ்சைச் சுற்றினேன். உள்ளே அது அடித்துக்கொண்டிருப்பது என் மணிக்கட்டில் தெரிந்தது. "வயித்தை உள்ள இழுக்காதீங்க! யாரை ஏமாத்தறீங்க?"

நாத்தனாருக்கு அவர் எதிரிலேயே போன் போட்டேன். "வந்து தொலைங்க எல்லாரும். சமையலும் பாத்திரமும் உங்களோடது. இனிமே என் வீட்டுக்காரரை ஒரு ரிப்பனுக்கு வெளியில அனுப்பினே, அந்த ரிப்பனாலேயே உன் வாயைக் கட்டிடுவேன். உன் துணிப் பையை வந்து எடுத்துக்கிட்டுப் போ." அவள் மெல்ல, "அண்ணி, அண்ணன் நல்லாத்தானே இருக்காரு?" என்று கேட்டாள். அவளிடமும் இவர் ஏதோ உளறி வைத்திருக்கிறார். நான் போனை அவர் கையில் திணித்தேன்.

அவர் பேசி முடிக்கும் வரை தரையில் உட்கார்ந்து கோட்டின் தையலைப் பிரித்தேன். தோள், பக்கவாட்டு, கை, எல்லாம். கடையில் அரைகுறையாக வெட்டிய பேண்ட், வாசலில் மெத்தை, ஆள் இல்லை. இனி ராத்திரி பகலாகத் தைத்தாலும் நேரம் போதாது. ஊரே அவசரப்படும் மாதத்தில் நானும் அவசரப்பட வேண்டும்.

போனை வைத்துவிட்டு அவர் என் தலைக்கு மேலிருந்து கேட்டார். "கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடுவியா?"

"முடிஞ்சா பார்க்கலாம். முடியலைன்னா காக்கிச் சட்டையைப் போட்டுட்டு வாங்க, சாமி ஒண்ணும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. வயித்துல கொஞ்சம் துணி விட்டே தைக்கிறேன். அடுத்த வருஷம் போட்டுக்குவீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன சொன்னே?"

"காதும் போச்சா? அடுத்த வருஷம் போட்டுக்குவீங்கன்னு சொன்னேன்!"